ஒரே ஃபங்ஷன், 11 நகல்

வேகம் முக்கியமான இடத்தில் புரோகிராம் கோடு சுத்தமாக இருக்க முடியாது என்று மென்பொருள் எழுதும் நம் தொழிலில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. சிலர் அதைப் பெருமையாகவே சொல்வார்கள். "இது ஹாட் லூப் தம்பி, இங்க வந்து மடி ஆசாரமெல்லாம் பாக்காதே" என்று எங்கள் ஆபீசின் மூத்தவர் சொன்னபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஹாட் லூப் என்றால் திரும்பத் திரும்ப ஓடி, புரோகிராமின் நேரத்தையெல்லாம் தின்னும் பகுதி. ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. போகிறபோக்கில் எதையாவது சொல்லிவிட்டுப் போகிறவர் என்றால் விட்டிருப்பேன். இவர் மைக்ரோகன்ட்ரோலரில் ஒவ்வொரு பைட்டையும் எண்ணிச் செலவு செய்த காலத்து ஆள். நாம் எழுதுவதை இயந்திரக் கட்டளையாக மாற்றும் கம்பைலர் துப்புகிற அசெம்பிளியைத் தினத்தந்தி படிப்பதுபோல் படிப்பார். அவர் சொன்னதை எந்த இடத்தில் மறுப்பது என்று மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது அவர் சொன்னதில் பாதி சரி என்ற இடத்துக்கு வந்திருக்கிறேன். எந்தப் பாதி என்று எழுதிப் பார்த்துவிடலாம் என்றுதான் இது.

நாங்கள் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடியில் உட்கார்ந்து கலர் சார்ட்டர் இயந்திரத்துக்கு மென்பொருள் எழுதுகிறோம். பருப்பு மில், அரிசி மில் பக்கம் போனவர்கள் இந்த இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். மேலிருந்து தானியம் சரிவுத் தகட்டில் வழுக்கிக்கொண்டு விழும். விழும்போதே கேமரா பார்க்கும். கருத்தது, உடைந்தது, கல் என்று தெரிந்தால் கீழே இருக்கும் காற்று வால்வு திறந்து அதை மட்டும் ஊதித் தள்ளும். லீ பஜாருக்கு வரும் உளுந்தும் துவரையும் ஒரு பக்கம். ஏற்காட்டு எஸ்டேட்களின் காப்பிக்கொட்டை இன்னொரு பக்கம். காப்பியில் கருப்பு, பழுப்பு, நொறுங்கியது மூன்றையும் சேர்த்து பிபிபி என்பார்கள். முன்பெல்லாம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் பொறுக்கிய வேலை அது. இன்றும் பல இடங்களில் கடைசிப் பார்வை அவர்களுடையதுதான்.

கேமரா முழுப்படம் எடுப்பதில்லை, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோடுதான். எங்கள் இயந்திரத்தில் ஒரு கோட்டுக்கு 2048 பிக்சல், நொடிக்கு 12,000 கோடு. பெருக்கினால் நொடிக்கு இரண்டரைக் கோடிப் பிக்சலுக்குக் கொஞ்சம் குறைவு, அதுவும் ஒரு கேமராவுக்கு மட்டும். ஒரு கோட்டை முடிக்க 83 மைக்ரோநொடி இருக்கிறது. தாண்டினால் அடுத்த கோடு வந்து நிற்கும், அதற்கடுத்தது அதன் பின்னால் நிற்கும். கொட்டை எங்களுக்காகக் காத்திருக்காது. வால்வு திறக்கும்போது கெட்ட கொட்டை போய்ச் சேர்ந்திருக்கும், பின்னால் வந்த நல்ல கொட்டை காற்றடி வாங்கும். ஹாட் லூப் என்று அவர் சொன்னது மிகையில்லை.

அந்த லூப்பில் நாலு விஷயம் மாறும். கேமரா பிக்சலுக்கு 8 பிட் தருகிறதா, 12 பிட்டா. இன்ஃப்ராரெட் சேனல் இருக்கிறதா, இல்லையா. ஆபரேட்டர் படம் சேமிக்கச் சொல்லியிருக்கிறாரா, இல்லையா. கெட்டதை ஊதித் தள்ளும் ஓட்டமா, அல்லது தள்ளியதில் தப்பிப்போன நல்லதைத் திரும்ப எடுக்கும் இரண்டாவது ஓட்டமா. நாலும் இரண்டிரண்டு வகை, ஆக 16 சேர்க்கை. புரோகிராமில் இருந்தது 11 ஃபங்ஷன், அதாவது சேர்க்கைக்கு ஒன்றாகத் தனித்தனியே எழுதிய பகுதிகள். மீதி ஐந்தை இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதால் எழுதவில்லை. ஒவ்வொன்றும் முந்தையதைக் காப்பி எடுத்து, வேண்டாத வரியை நீக்கி, வேண்டிய வரியைச் சேர்த்தது. பெயர்கள் மட்டும் சரக்கு ரயில் மாதிரி நீளம்.

மலைமேல் வந்த புகார்

மார்ச் மாதம் ஒரு எஸ்டேட்டின் ஹல்லர் (கொட்டையின் தோல் உரிக்கும் இயந்திரம்) கொட்டகையிலிருந்து போன் வந்தது. தரம் பிரித்த பிறகும் கருப்புக்கொட்டை கொஞ்சம் நிற்கிறது என்றார்கள். இது எப்போதும் வரும் புகார்தான், பெரும்பாலும் கண்ணாடியில் தூசி. எங்கள் டெக்னீஷியன் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்க் கண்ணாடியைத் துடைத்தார். எதற்கும் ஆபீசில் காட்டலாம் என்று படம் சேமிக்கும் வசதியைப் போட்டுவிட்டு ஓட்டியிருக்கிறார். அங்கேதான் சனி பிடித்தது. கருப்பு குறைந்துவிட்டது, ஆனால் இடது ஓரத்து வால்வு மட்டும் நிற்காமல் டக்டக்கென்று அடிக்க ஆரம்பித்தது. நல்ல பச்சைக்கொட்டை கழிவுத் தொட்டியில் போய் விழுந்துகொண்டிருந்தது. எஸ்டேட் ரைட்டர் பக்கத்திலேயே நின்று அதைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

வால்வை மாற்றினார்கள். ஓரத்தில் வெளிச்சம் குறைகிறதோ என்று விளக்கை மாற்றினார்கள். கேமராவை மறுபடி நேர் செய்தார்கள். ஒன்றும் சரியாகவில்லை. அலுத்துப்போய் எல்லாவற்றையும் பழையபடி வைத்து, படம் சேமிப்பதையும் நிறுத்திவிட்டு ஓட்டினால் இயந்திரம் சாதுவாக ஓடுகிறது. சரி, ஏதோ வயர் லூஸ் போல என்று இறங்கி வந்துவிட்டார். அடுத்த வாரம் கணக்குக்காகப் படம் வேண்டும் என்று அவர்களே சேமிப்பைப் போட்டிருக்கிறார்கள், மறுபடி டக்டக். இயந்திரத்தை உற்றுப் பார்த்தால் தப்புச் செய்கிறது, பார்க்காவிட்டால் ஒழுங்காக இருக்கிறது. இதைப் போனில் கேட்டபோது நாங்கள் யாரும் நம்பவில்லை.

காரணம் புரோகிராமில் இருந்தது. ஒவ்வொரு பிக்சலையும் அதன் இடதுவலது பிக்சலோடு சேர்த்துச் சராசரி எடுக்கிறோம். கோட்டின் முதல் பிக்சலுக்கு இடது பக்கம் யாரும் கிடையாது. அங்கே கை நீட்டினால் நினைவகத்தில் முந்தைய கோட்டின் கடைசிப் பிக்சல்தான் கிடைக்கும், அதாவது தகட்டின் மறு ஓரத்துக் கறுத்த விளிம்பு. இது எப்போதோ கண்டுபிடித்துத் திருத்தப்பட்ட பிழை. திருத்தியவர் 11 நகலில் 10-ஐத் திருத்தியிருந்தார். விட்டுப்போனது 8 பிட், இன்ஃப்ராரெட் இல்லை, படச் சேமிப்பு உண்டு, முதல் ஓட்டம் என்ற ஒன்று. அந்த எஸ்டேட்டின் இயந்திரம் படம் சேமிக்கும்போது மட்டும் போய் நிற்கும் ஃபங்ஷன் அதுதான். திருத்தியவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரே மாதிரி இருக்கும் 11 ஃபங்ஷனில் கண் மங்காமல் பத்தைத் திருத்தியதே பெரிய காரியம்.

மூத்தவரும் மறுக்கவில்லை. ஆனால் அவர் எடுத்த முடிவு வேறு. "நகல் இருக்கட்டும். மாத்தும்போது பதினொண்ணையும் மாத்தணும்னு ஒரு செக்லிஸ்ட் போட்டு ஒட்டுங்க." ஏன் அண்ணா, ஒரே ஃபங்ஷனாக எழுதி உள்ளே இஃப் (இப்படியா அப்படியா என்று கேட்டுப் பிரியும் வரி) போட்டால் என்ன என்றேன். ஒரு பிக்சலுக்கு நாலு இஃப், நொடிக்கு பத்து கோடி கேள்வி, கட்டாது என்றார். இது எங்கள் ஆபீஸ் வாதம் மட்டுமில்லை, நாட்டில் பாதி ஹாட் லூப்கள் இந்த ஒரு வாக்கியத்தின் பேரில்தான் நகல் எடுக்கப்பட்டிருக்கின்றன.

இஃப் என்ன பாவம் செய்தது

எனக்கு முதலில் சந்தேகம் வந்தது அந்தப் பத்துக் கோடியில்தான். இன்றைய பிராசஸர் இஃப்பில் பிரியும் ஒவ்வொரு கிளையும் எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே ஊகித்துக்கொண்டு ஓடுகிறது. ஊகம் தப்பினால் சுமார் 15, 20 சைக்கிள், அதாவது பிராசஸரின் துடிப்பு, வீண். ஆனால் எங்கள் ஃபிளாக், அதாவது உண்டு இல்லை என்று சொல்லும் அந்த செட்டிங், காலையில் போட்டால் மாலை வரை மாறாது. எப்போதும் ஒரே பக்கம் போகும் கிளையை ஊகிக்கப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம், தப்பு வரவே வராது. அப்படியானால் இஃப் கிட்டத்தட்ட இலவசமாக இருக்க வேண்டும். நம்பிக்கையோடு நாலு இஃப் போட்ட ஒற்றை ஃபங்ஷனை எழுதி ஓட்டினேன். கையால் எடுத்த நகலின் பாதி வேகம்கூட வரவில்லை. மூத்தவர் ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஊகத்தில் தப்பு இல்லை என்று, புரோகிராமின் ஓட்டத்தை அளக்கும் பெர்ஃப் கருவி தெளிவாகவே காட்டியது. பின் எங்கே போகிறது நேரம்? அசெம்பிளியைத் திறந்து பார்த்ததில்தான் எனக்கு இந்தக் கதை முழுவதும் திரும்பியது. நகல் ஃபங்ஷனில் கம்பைலர் ஏவிஎக்ஸ்-2 கட்டளைகளைப் போட்டு, ஒரே அடியில் 32 பைட்டை வாரி எடுத்து வேலை செய்கிறது. என் ஒற்றை ஃபங்ஷனில் ஒவ்வொரு பிக்சலாக நடந்து போகிறது. அது மட்டுமில்லை, ஒவ்வொரு பிக்சலுக்கும் போய் அந்த ஃபிளாக்கை நினைவகத்திலிருந்து புதிதாகப் படித்துவிட்டு வருகிறது. மாறவே மாறாத ஒன்றை ஏன் இப்படித் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறது?

மாறாது என்று எனக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. லூப் தன் விடையை எழுதுவது 8 பிட் எண்களின் வரிசையில். நாங்கள் எழுதும் சி++ மொழியின் விதிப்படி அந்த எட்டு பிட் வகை, அதாவது அன்சைன்ட் கேர், எந்தப் பொருளின் நினைவகத்தையும் தொட உரிமை உள்ள வகை. ஃபிளாக் இருப்பதோ பாயின்ட்டர் (நினைவக முகவரி) வழியாகப் போகும் ஒரு செட்டிங்ஸ் ஸ்ட்ரக்ட்டில். ஆக, விடையை எழுதும் ஒவ்வொரு முறையும் அந்த எழுத்து தப்பித்தவறி ஃபிளாக்கின் மேலேயே விழுந்திருக்கலாம் என்று கம்பைலர் பயந்தாக வேண்டும். பயப்படுவது அதன் கடமை. அதன் கண்ணில் ஃபிளாக் நிலையானதே இல்லை, அதனால் லூப்பைச் சேர்த்துக் கட்டவும் முடியவில்லை. குற்றம் இஃப்பின் மேல் இல்லை. இஃப் எதைப் பார்த்துக் கேட்கிறது என்பதில் இருந்தது.

திருத்துவது ஒரு வரி வேலை. லூப்புக்கு முன்னால் ஃபிளாக்கை ஒரு லோக்கல் மாறியில் எடுத்து வைத்து, உள்ளே அந்த மாறியைப் பார்த்துக் கேட்பது. லோக்கல் மாறியின் முகவரியை யாருக்கும் கொடுக்கவில்லை, அதன்மேல் வேறு யாரும் எழுத வழியில்லை என்று கம்பைலருக்குத் தெரியும். ஒரு ஃபிளாக்கை மட்டும் வைத்து இப்படி எழுதினதும் வேகம் திரும்பிவிட்டது. அசெம்பிளியைப் பார்த்தால் அழகான ஒரு காட்சி: இஃப் வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறது, கீழே லூப் இரண்டு இருக்கிறது, ஒன்று உண்டு என்பதற்கு, ஒன்று இல்லை என்பதற்கு. ஜிசிசி என்ற கம்பைலரில் வேகத்துக்கான ஓ3 தேர்வைப் போட்டால் லூப் அன்ஸ்விட்சிங் என்று ஒன்று சேர்ந்து வரும். நிபந்தனை மாறாதது என்று தெரிந்தால் கம்பைலர் தானே லூப்பை நகல் எடுத்துக்கொள்ளும்.

நகல் எடுத்துக்கொள்ளும். மூத்தவர் கையால் செய்ததையேதான் கம்பைலரும் செய்கிறது. வேகம் வேண்டுமானால் இயந்திரக் கட்டளையில் நகல் இருந்தே ஆக வேண்டும், அதில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த நகல் நாங்கள் படிக்கிற, திருத்துகிற கோப்பிலும் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் அவரிடம் காரணம் இல்லை.

"அப்புறம் எதுக்கு டெம்ப்ளேட்?"

ஃபங்ஷனை ஒரு அச்சாக ஒரே தடவை எழுதினால் நகல்களைக் கம்பைலரே வார்த்துக்கொள்ளும் சி++ வசதிக்கு டெம்ப்ளேட் என்று பெயர். அதில் எழுதிவிடலாம் என்று இதைக் காட்டினதும் மூத்தவர் கேட்ட கேள்வி நியாயமானது. லோக்கல் மாறியில் எடுத்து வைத்தாலே கம்பைலர் பார்த்துக்கொள்ளும் என்றால் டெம்ப்ளேட் எதற்கு, அதன் எர்ரர் மெசேஜைப் படிக்கவே தனியாக ஒரு ஆள் வைக்க வேண்டும் என்றார். சி++ டெம்ப்ளேட்டோடு குடித்தனம் நடத்தியவர்கள் யாரும் அதை மறுக்கமாட்டார்கள். 2020-இல் கான்செப்ட் என்ற வசதி வந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான்.

பதில் அடுத்த ஃபிளாக்கைச் சேர்த்ததும் கிடைத்தது. ஒன்றுக்குப் பிரித்தது, மூன்று நாலு சேர்ந்ததும் பாதியில் கைவிட்டது. கம்பைலர் எல்லையில்லாமல் நகல் எடுக்காது. லூப்பின் உடம்பு இவ்வளவு பெரிதாக இருந்தால் வேண்டாம் என்று உள்ளே வரம்புகள் வைத்திருக்கிறார்கள், அவை பதிப்புக்குப் பதிப்பு மாறவும் செய்யும். இன்றைக்கு 83 மைக்ரோநொடிக்குள் முடிகிற லூப், அதில் யாரோ அப்பாவியாக இரண்டு வரி சேர்த்ததும் வரம்பைத் தாண்டி, ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் பழைய நடைக்கு இறங்கிவிடலாம். டெஸ்ட் எல்லாம் பச்சையாகவே இருக்கும், விடை தப்பில்லை, நேரம்தான் தப்பு. கம்பைலரின் மனநிலையை நம்பி நான் வால்வைத் திறக்க முடியாது. போதாததற்கு, நாலில் ஒன்று இஃப்புக்குச் சுலபத்தில் அடங்காது. 8 பிட் பிக்சலும் 12 பிட் பிக்சலும் வேறு வேறு வகை. பின்னது 16 பிட் எண்ணில் வருகிறது. பாயின்ட்டரின் வகையே மாறும்போது, இஃப்பில் கேட்டால் ஒவ்வொரு பிக்சலுக்கும் வகையை மாற்றிப் படிக்க வேண்டும்.

டெம்ப்ளேட்டில் இது எளிது. பிக்சல் வகை ஒரு அளவுரு, மற்ற மூன்று ஃபிளாக்கும் மூன்று அளவுரு. ஃபங்ஷனின் உடம்பு ஒன்றுதான். இன்ஃப்ராரெட் வேலை வரும் இடத்தில் இஃப் கான்ஸ்டெக்ஸ்பர் போட்டுவிட்டால், கம்பைல் ஆகும்போதே ஒரு பக்கம் வைத்துக்கொள்ளப்படும், மறுபக்கம் அந்த நகலில் உருவாகவே செய்யாது. இது சி++17-இல் வந்தது. அதற்கு முன்னாலும் செய்தார்கள், ஆனால் ஸ்பெஷலைசேஷன், டேக் டிஸ்பாட்ச் என்று தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டும். சி-யில் எழுதுகிறவர்கள் மேக்ரோவின் பெயரை மாற்றி மாற்றி ஒரே கோப்பைப் பல தடவை இன்க்லூட் செய்வார்கள். அதுவும் இதே யோசனைதான், டீபக்கரில் போய் நிற்கும்போதுதான் அழுகை வரும்.

எந்த நகலை ஓட்டுவது என்று ஒரு இடத்தில் முடிவு செய்தாக வேண்டும். தட்டுவடை செட் கடையில் பத்து செட் கேட்டால், காரம் தூக்கலா கம்மியா என்று ஒரே தடவை கேட்டுக்கொண்டு அப்புறம் கை வேகமாக ஓடும். ஒவ்வொரு தட்டைக்கும் நிமிர்ந்து நம் முகத்தைப் பார்ப்பதில்லை. எங்கள் முடிவும் ஆபரேட்டர் செட்டிங்கை மாற்றும்போது மட்டும் நடக்கிறது. நாலு விஷயத்தை நாலு பிட்டாக அடுக்கினால் 0 முதல் 15 வரை ஒரு எண் வரும். 16 ஃபங்ஷனின் முகவரிகள் ஒரு அட்டவணையில் இருக்கின்றன, அந்த எண்ணில் இருப்பதை எடுத்து வைத்துக்கொள்கிறோம். கோட்டுக்கு ஒரு தடவை பாயின்ட்டர் வழியாக அழைப்பு, நொடிக்கு 12,000 தடவை; கணக்கிலேயே வராது. அதையே பிக்சலுக்குப் பிக்சல் செய்திருந்தால் நிலைமை வேறு. வரிசைப்படுத்தும் வேலையில் சி-யின் க்யூசார்ட்டை விட சி++ சார்ட் பெரும்பாலும் வேகமாக ஓடுவதற்குக் காரணமும் இதுதான். முன்னது ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் ஒரு பாயின்ட்டர் வழியாக வெளியே போய்வர வேண்டும், பின்னதில் ஒப்பிடும் வேலை டெம்ப்ளேட் வழியாக உள்ளேயே கரைந்துவிடுகிறது.

இன்னும் நேர்த்தியான வழிகள் இருக்கின்றன. வேரியன்ட் என்ற சி++ வசதியில் ட்ரூடைப், ஃபால்ஸ்டைப் இரண்டையும் போட்டு விசிட் செய்தால் அட்டவணையே எழுத வேண்டாம். எழுதிப் பார்த்தேன், வேலை செய்கிறது. புதிதாகச் சேர்ந்த பையன் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "அண்ணா, இதுல எங்க கூப்பிடுறீங்க?" என்று கேட்டான். அட்டவணைக்கே திரும்பிவிட்டேன்.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. சதுரங்க இன்ஜின்காரர்கள் இதையே எத்தனையோ வருடமாகச் செய்கிறார்கள். 2008-இல் கிளாரங் என்ற இன்ஜினிலிருந்து கிளைத்து வந்த ஸ்டாக்ஃபிஷ்ஷின் கோடு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, போய்ப் பாருங்கள். வெள்ளைச் சிப்பாய் மேலே போகும், கறுப்புச் சிப்பாய் கீழே வரும். போய்ச் சேர வேண்டியது ஒன்றுக்கு எட்டாவது வரிசை, மற்றதற்கு முதல் வரிசை. இதற்குக் கையால் எழுதினால் இரண்டு ஃபங்ஷன், இல்லாவிட்டால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நீ யார் என்ற கேள்வி. அங்கே நிறத்தையே டெம்ப்ளேட் அளவுருவாக வைத்திருக்கிறார்கள். எந்தத் திசை மேலே என்பது கம்பைல் நேரத்து மாறிலி. எழுதுவது ஒரு தடவை, இயந்திரத்தில் இரண்டு. தேடல் ஃபங்ஷனும் அப்படித்தான், முதன்மை வழியில் இருக்கும் கணுவா இல்லையா என்பது அதற்கு அளவுரு. பிள்ளைகளைச் செஸ் வகுப்பில் விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் நேரத்தில் படிக்கத் தோதான கோடு.

எங்களிடம் இதனால் ஏற்பட்ட பெரிய நன்மை வேகம் இல்லை, வேகம் நகலில் இருந்த அதே வேகம்தான். டெஸ்ட் எழுத முடிந்தது, அதுதான் நன்மை. முன்பு 11 ஃபங்ஷனுக்கும் 11 விதமாக எழுத வேண்டும், யாரும் எழுதவில்லை. இப்போது நாலு இஃப் போட்ட அந்த மெதுவான ஒற்றை ஃபங்ஷனையே ஒப்பீட்டுக்கு வைத்திருக்கிறேன். ஒரே கோட்டை அதற்கும் கொடுத்து, 16 நகலுக்கும் கொடுத்து, விடை ஒன்றாக வருகிறதா என்று ஒரு லூப் பார்த்துவிடும். கூடவே இன்னொரு டெஸ்ட்: படச் சேமிப்பு போட்டாலும் போடாவிட்டாலும் எந்த வால்வு திறக்கிறது என்பது ஒரு பிட்கூட மாறக்கூடாது. மலைமேல் வந்த அந்தப் புகாருக்கு நேராக எழுதியது இது. மூத்தவர் செக்லிஸ்ட் வேண்டும் என்று அப்புறம் கேட்கவில்லை.

சின்ன விஷயம் ஒன்று, அனுபவிக்கும்போதுதான் தெரியும். அளவுருக்களை ட்ரூ, ஃபால்ஸ் என்று விடாதீர்கள். பெர்ஃப் கருவியில் ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் ட்ரூ, ஃபால்ஸ், ஃபால்ஸ், ட்ரூ என்று வரிசையாக வந்து நிற்கும். எது எதற்கு என்று விரல் விட்டு எண்ண வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பெயருள்ள ஈனம் (enum, பெயர் வைத்த மதிப்புகளின் வகை) கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை, இடம் மாற்றிக் கொடுத்தால் கம்பைலரும் திட்டும்.

கிரேடையும் சேர்த்துவிடலாமே?

டெம்ப்ளேட் ஒரு தடவை வேலை செய்துவிட்டால் கை நிற்காது. காப்பி கிரேடையும் அளவுருவாக்கிவிடலாம் என்று பையன் கேட்டான். ஏஏ, ஏ, பி, பீபெர்ரி என்று நாலு. பீபெர்ரி உருண்டையாக இருக்கும், மற்றவை ஒரு பக்கம் தட்டை, நிழல் விழும் விதமே வேறு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நாலைச் சேர்த்தால் 16 நகல் 64 ஆகும். நாளைக்கு உளுந்தும் துவரையும் கேட்பார்கள். இரு மதிப்புள்ள ஃபிளாக் எட்டு சேர்ந்தாலே 256 நகல். கம்பைல் நேரம் டீ குடிக்கிற நேரத்திலிருந்து மதியச் சாப்பாட்டு நேரமாக வளரும். ஓடும்போது ஒரு நகல்தான் ஓடுகிறது என்பதால் பிராசஸரின் கட்டளை கேஷ் (கட்டளைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கும் சிறு நினைவகம்) உடனே நிரம்பிவிடாது. ஆனால் ஒரே இயந்திரத்தில் இரண்டு மூன்று கேமரா வெவ்வேறு நகலை ஒரே கோரில் மாற்றி மாற்றி ஓட்டினால், அந்தக் கேஷின் 32 கேபி என்பது பெரிய இடம் இல்லை.

நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் அந்த எண்ணிக்கையும் இல்லை. கிரேடு மாறும்போது லூப்பில் என்ன மாறுகிறது என்று எழுதிப் பார்க்கச் சொன்னேன். வாசல் அளவுகள் மாறுகின்றன: எவ்வளவு கருத்தால் கருப்பு, எத்தனை பிக்சல் சேர்ந்தால் தள்ளுவது. அதாவது எண்கள். எண்ணை ஒரு மாறியில் வைத்து லூப்புக்கு வெளியே எடுத்துக்கொண்டால், கம்பைலர் அதை ஏவிஎக்ஸ் ரெஜிஸ்டரில் ஒரு தடவை பரப்பி வைத்துக்கொண்டு அதே 32 பைட் வேகத்தில் ஓடும். நகல் எடுப்பதால் ஒரு சைக்கிள்கூட மிச்சமாகப் போவதில்லை. இன்ஃப்ராரெட் அப்படி இல்லை, அது இருந்தால் இன்னொரு வரிசையைப் படிக்க வேண்டும், இன்னொரு கணக்குப் போட வேண்டும். செய்கிற வேலையே மாறுகிறது. வேலை மாறினால் டெம்ப்ளேட், வெறும் எண் மாறினால் மாறி. எனக்குத் தெரிந்தவரை இதுதான் எல்லைக்கோடு, மூத்தவரும் இதற்குத் தலையசைத்தார். பிறகு "இத முன்னாடியே சொல்லியிருந்தா நானே பதினொண்ணு எழுதியிருக்க மாட்டேன்" என்றும் சேர்த்துக்கொண்டார். அதை நான் நம்பவில்லை.

அவரும் ஒரு இடத்தில் என்னைத் தடுத்தார். காலையில் இயந்திரம் போட்டதும் வெள்ளைத் தகட்டைப் பார்த்து வெளிச்சத்தைச் சரிசெய்யும் ஃபங்ஷன் ஒன்று உண்டு, சாதாரணக் கேமராவுக்கு ஒன்று, இன்ஃப்ராரெட்டுக்கு ஒன்று. இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், முக்கால்வாசி வரி ஒன்றேதான். அதையும் டெம்ப்ளேட்டாக்கக் கை வைத்தபோது அவர் பழைய மாற்றங்களின் பட்டியலைத் திறந்து காட்டினார். இன்ஃப்ராரெட் பக்கம் விளக்கு சூடாகச் சூடாக மாறுவதற்காக அடிக்கடி மாறியிருக்கிறது, மற்றது பல வருடமாகத் தொடப்படவே இல்லை. ஒன்று மாறியபோது மற்றது மாறியிருக்க வேண்டிய கட்டாயம் ஒரு தடவைகூட வரவில்லை. அதோடு அது நாளைக்கு ஒரு தடவை ஓடும் ஃபங்ஷன், ஒரு நொடி எடுத்தாலும் கேட்க ஆள் இல்லை. "இத எதுக்கு ஒட்ட வைக்கிற? அதுங்க பாட்டுக்குத் தனியா இருக்கட்டும்" என்றார். திறந்த கோப்பை மூடிவிட்டேன். அந்த இரண்டும் இன்றைக்கும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. போன வாரம் இன்ஃப்ராரெட் பக்கத்தில் மறுபடி ஒரு மாற்றம் போனது.